செவியில் எழும் மேசை

(திருநின்றவூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருநின்றவூர் என்றவுடன் தமிழ் கற்றார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுபவர் பூசலார். குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அவர்தம் வரலாற்றை விரித்துரைக்கின்றது. கோயில் ஒன்று எடுக்க விழைந்தார், பொருள் தேடி அலைந்தார், கிடைத்திலது. கிடையாத கல்லையும் மரத்தையும் உள்ளத்திலேயே ஈட்டினார். தச்சரையும் உள்ளத்திலேயே அமர்த்தினார். அடித்தளம் இட்டார், முடி அமைத்தார், மதில் சூழ எடுத்தார், கிணறும் குளமும் தோண்டினார், குடமுழுக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் அதே நாளில் தான் வைத்திருந்த விழாவைத் தள்ளிவைத்து, இவ்வூர் வந்து அக்கோயில் இருக்கும் இடத்தை வினவிய பொழுது ஊரார் எவரும் அறிந்திலர். இருதயாலீசுவரர் என்னும் வடமொழிப் பெயரால் இன்று வழங்கும் கோயில் அந்நிகழ்ச்சியின் நினைவே.

கதையை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. ஈண்டுக் கருதத்தக்கது அவர் கட்டிய முறை. கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பகுதி பகுதியாக, இடம் பிறழாமல் உள்ளத்தில் எழுப்பவும், எழுப்பியபின் அதனுள் நடமாடவும் மாந்தனால் முடியும் என்பதே செய்தி.

இவ்வூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள பூவிருந்தவல்லியில் அரசினர் பார்வையற்றோர் பள்ளியும், பார்வைக்குறையுடையோர்க்கான நடுவண் நிறுவனத்தின் மண்டல நடுவமும் உள்ளன. அத்தகைய இடங்களில் கணினி பயில்வோர் நாள்தோறும் செய்வது பூசலார் செய்ததே. கண்ணுடையார் திரையைப் பார்க்கின்றனர். கோப்புகளும் கோப்புறைகளும் மேசைமேற் பரப்பியனபோல் ஒரே நொடியிற் புலனாகின்றன. பார்வையற்றார்க்குத் திரை என்பது ஒளி வீசும் ஒரு கண்ணாடி, அவ்வளவே. அவர்க்கு அம்மேசை செவிவழியே, ஒரு சொல்லின்பின் ஒரு சொல்லாக வந்து உள்ளத்தில் எழுகின்றது. எத்தனையாவது இடத்தில் எந்தக் கோப்பு, எந்தப் பட்டியலின் கீழ் எந்தக் கட்டளை என்பதெல்லாம் அவர் நெஞ்சிற் கட்டிய கட்டடம்.

அச்சொற்களைச் சொல்லுவது யார்? திரைபடிப்பான் என்னும் மென்பொருள். அது கண்ணாற் பார்த்துப் படிப்பதன்று. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் பெயரையும் வகையையும் நிலையையும் இயங்குதளத்திடம் அறிவித்தல் வேண்டும். ‘சேமி’ என்பது பெயர். ‘பொத்தான்’ என்பது வகை. ‘அழுத்தப்பட்டது’ என்பது நிலை. இம்மூன்றையும் வாங்கித் திரைபடிப்பான் பேச்சுப்பொறிக்குக் கொடுக்கும், பேச்சுப்பொறி ஒலியாக்கும். மென்பொருள் எழுதியவர் பெயரிட மறந்தாராயின் ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று மட்டுமே கேட்கும். பத்துக் கதவுகள் உள்ள வீட்டில் எல்லாக் கதவுக்கும் ‘கதவு’ என்று பெயர் எழுதி வைத்தாற் போன்றது அது.

இத்துறையில் நினைக்கத்தக்க பெயர் தி.வி. இராமன் என்பார். புனேயில் வளர்ந்தவர்; பதினான்காம் அகவையிற் கண்ணழுத்த நோயாற் பார்வை இழந்தவர்; மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய ஆய்வு, கணக்கியற் கட்டுரைகளைச் செவிக்கு எட்டும்படி ஓதும் பொறி பற்றியது. அடுக்கெண் வருமிடத்துக் குரல் உயர்ந்து ஒலிக்கும். கண்ணுக்கு எழுத்து மேலேறி நிற்பதுபோற் செவிக்குக் குரல் மேலேறி நிற்கும். அப்பொறிக்கு அவர் தமக்கு வழிகாட்டிய நாயின் பெயரை இட்டார் என்பது சுவையான செய்தி.

அடுத்த ஆண்டே, 1995இல், அவர் வெளியிட்ட ஈமாக்சுபீக்கு என்னும் மென்பொருள் இத்துறையின் போக்கையே மாற்றியது. பிற திரைபடிப்பான்கள் திரையிற் கிடக்கும் எழுத்தை ஓதின. இராமன் வேறு வகையாக எண்ணினார். கண்ணுடையார்க்கென வரைந்த திரையை எதற்குச் செவிக்கு மொழிபெயர்க்க வேண்டும்? பொருளையே நேராகச் செவிக்குத் தரலாகாதா? நாட்காட்டியிற் கண் பார்ப்பது கட்டங்கள். திரையை ஓதுவோன் வரிசையாக எண்களை ஓதிக்கொண்டே போவான். பொருளை அறிந்து பேசும் பொறியோ, ‘இன்ன கிழமை, இன்ன திங்கள், இன்ன நாள்’ என்று சொல்லிவிட்டு அமையும். தலைப்பு ஒரு குரலிலும் உரை மற்றொரு குரலிலும் வரும். கோப்பு திறப்பதும் மூடுவதும் சிற்றொலிகளால் உணர்த்தப்பெறும். செவிக்குரிய முழுமேசை என்று அவர் அதனை அழைத்தது பொருத்தமே. பார்வையற்றவர் ஒருவர் தமக்கென ஆக்கி, முப்பது ஆண்டுக்கு மேலாக உலகிற்கு இலவயமாக வழங்கிவரும் கருவி அது.

எனினும் பெரும்பாலோர் கைக்கு எட்டியது பிறிதொன்று. ஆசுத்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பார் 2006ஆம் ஆண்டு தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் விண்டோசுக் கணினியில் இயங்குவது. அவரும் பார்வையற்றவர். விலைக்கு விற்கப்பெற்ற திரைபடிப்பான்கள் கணினியின் விலையையே விஞ்சிய காலத்தில், விலையின்றி, மூலநிரலும் திறந்த நிலையில் அதனை வெளியிட்டார். இலினக்சு இயங்குதளத்திற்கு ஓர்க்கா என்னும் திரைபடிப்பான் உண்டு. இவ்விரண்டும் பயன்கொள்ளும் சிறிய பேச்சுப்பொறி ஈ-சுபீக்கு என்பது. அதிற் பல மொழிகளோடு தமிழும் இருக்கின்றது. ஆகவே, தமிழ் பேசும் கணினி வேண்டுமென்று எவரையும் கெஞ்சவேண்டிய நிலை இன்று இல்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையில் தலைமை ஏற்று இந்திய மொழிகளுக்கான பேச்சுப்பொறிகளை ஆக்கியது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் 2001ஆம் ஆண்டளவிலேயே தாம் ஆக்கிய தமிழ்ப் பேச்சுப்பொறிக்குத் ‘திருக்குறள்’ என்றே பெயரிட்டனர்.

இனி, அதனை அமைக்கும் வகை. இச்செய்தி சற்று விரிவாகவே கூறப்படல் வேண்டும். ஏனெனில் இவ்வவையிலுள்ளார் ஒவ்வொருவர்க்கும் தெருவிலோ உறவிலோ பார்வையற்றவர் ஒருவர் இருத்தல் கூடும்.

திரைபடிப்பானை நிறுவியதும் முதலிற் செய்யத்தக்கது ஆணைவிசையைத் தெரிவது. என்.வி.டி.ஏ.யில் ‘இன்செர்ட்டு’ என்று பொறித்த இடைச்செருகு விசையே ஆணைவிசை. மடிக்கணினியாயின் பேரெழுத்துப் பூட்டு விசையையும் அவ்வாறு கொள்ளலாம். அவ்விசையோடு ‘என்’ விசையை அழுத்தினால் அமைப்புப் பட்டியல் திறக்கும். ஆணைவிசை, கட்டுப்பாட்டு விசை, ‘எசு’ விசை மூன்றையும் சேர அழுத்தினாற் பேச்சுப்பொறியைத் தெரிவு செய்யலாம். அங்கு ஈ-சுபீக்கைத் தெரிந்து, பின்னர்ப் பேச்சு அமைப்பிற் குரலைத் தமிழென மாற்றுதல் வேண்டும். திரைபடிப்பானின் சொந்தப் பட்டியல்களுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. பொது அமைப்பில் மொழியைத் தமிழாக்கி மறுபடி தொடங்கினால், ‘பொத்தான்’ ‘தேர்வுப்பெட்டி’ முதலியன தமிழிலேயே ஒலிக்கும். பேசிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்தக் கட்டுப்பாட்டு விசை ஒன்றே போதும். இதனை முதல் நாளிலேயே கற்பித்தல் வேண்டும். நிறுத்தத் தெரியாமல், ஓயாது பேசும் பொறியை அஞ்சி எழுந்து போனவர் பலர்.

அடுத்தது விரைவு. ஈ-சுபீக்கு மணித்துளிக்கு 175 சொல் என்னும் அளவில் இயல்பாகப் பேசும். 80 சொல்லுக்குத் தாழ்த்தவும், 450 சொல் வரை உயர்த்தவும் இயலும். புதிதாகக் கற்பார்க்கு மெல்ல வைத்துக் கொடுத்தல் முறை. பழகியவர் கேட்கும் விரைவைக் கண்ணுடையார் கேட்டால் வண்டிரைச்சல் என்பர். அவர்க்கோ அது நாம் கண்ணால் வரிகளைத் தாவிப் படிப்பது போன்றதே. விரைவைக் குறைத்து ‘உதவி’ செய்ய முற்படுவது உதவியன்று.

பின்னர், தட்டும் எழுத்தை ஒலிக்கவோ சொல்லை ஒலிக்கவோ செய்யும் அமைப்பு. ஆணைவிசையோடு 2 என்னும் எண்ணை அழுத்தினால் எழுத்தொலியும், 3 என்னும் எண்ணை அழுத்தினாற் சொல்லொலியும் அமைவன. தமிழ் எழுதக் கற்பார்க்கு எழுத்தொலி இன்றியமையாதது. ஈங்குத்தான் தமிழின் நுண்மை தலைகாட்டுகின்றது. ‘ந’ ‘ன’ இரண்டும் பொறியின் வாயில் ஏறத்தாழ ஒன்றே. ‘ர’ ‘ற’ வேறுபாடும் அதன் நாவில் மங்கும். கண்ணில்லாதவர் எழுத்தை ஓசையாலன்றி எதனால் வேறுபடுத்துவார்? தமிழாசிரியர்கள் திண்ணைப் பள்ளியிலேயே இதற்கு விடை கண்டுள்ளனர்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். ஆங்கிலக் கடற்படையாரும் வானூர்தியாரும் எழுத்துக்கு ஒரு சொல் வைத்து ஓதுவதுபோலவே, திரைபடிப்பானிலும் ஒவ்வொரு மொழிக்கும் எழுத்து விளக்கக் கோப்பு ஒன்று வைக்க இடம் உண்டு. பழந்தமிழ்ப் பெயர்களை அங்கு அமர்த்த எவ்வகைத் தடையும் இல்லை.

தட்டுவதற்குத் தமிழ் 99 விசைப்பலகையே பார்வையற்றார்க்குத் தக்கது. சென்னையில் 1999ஆம் ஆண்டு நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்தது அது. உயிரெழுத்தெல்லாம் இடக்கைப் பக்கம். மெய்களிற் பெரும்பாலன வலக்கைப் பக்கம். விசைப்பலகையிற் விரல் தடவி அறியும்படி புடைப்பு வைத்த விசைகள் இரண்டு. இடப்புறத்தது ஆய்தம், வலப்புறத்தது பகரம். அவ்விரண்டையும் பற்றிக்கொண்டால் எஞ்சியவை தாமே விரலுக்கு வரும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். ஆங்கில ஒலிப்பில் தட்டித் தமிழாக்கும் முறையைக் கற்பிப்பவர் தமிழ் எழுதுமுன் ஆங்கிலம் எண்ணச் செய்கின்றனர். இரட்டைச் சுமை அது.

பேச்சுப்பொறி எவ்வாறு தமிழை ஒலிக்கின்றது என்பதும் அறியத்தக்கது. தொல்காப்பியப் பிறப்பியலை நினைக. உந்தியினின்று எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றொடு உறுவதால் வேறுவேறு எழுத்தாகின்றது என்று ஆசான் வகுத்தார். ஈ-சுபீக்கு போன்ற பொறி செய்வதும் ஏறத்தாழ அதுவே. பதிவு செய்த மாந்தக் குரலை ஒட்டி ஒட்டிப் பேசுவதன்று அது. மிடறும் வாயும் எவ்வொலியை எவ்வளவு பெருக்கும் என்பதைக் கணக்கிட்டு ஒலியைப் புதிதாகப் பிறப்பிப்பது. அதனாற்றான் குரல் வறண்டிருப்பினும் எவ்வளவு விரைவிலும் சொல் தெளிவாகக் கேட்கின்றது.

எழுத்தை ஒலியாக்க அதற்கு ஒரு நெறிக்கோப்பு உண்டு. ககரம் சொன்முதலில் வந்தால் வல்லொலி. மெல்லினத்தின்பின் வந்தால் மெலிந்த ஒலி. இரட்டித்தால் மீண்டும் வல்லொலி. உயிரிடையில் வந்தால் நெகிழ்ந்த ஒலி. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பக்கம்’, ‘அகம்’ என்னும் நான்கையும் அது பிழையின்றி வேறுபடுத்தும். நெறி மொழியிலேயே இருக்கின்றது. பொறி அதனைப் பின்பற்றுகின்றது. ஆங்கிலத்திற்கு விதிவிலக்குகளின் நீண்ட பட்டியல் தேவைப்படுவதும், தமிழ்க்குச் சிறு நெறிக்கோப்பே பெரும்பாலும் போதுமானதாய் இருப்பதும் எண்ணி மகிழத்தக்கன.

ஆனால் ‘பஸ்’ என்று எழுதுக. சொன்முதற் பகரம் என்பதால் பொறி அதனை வல்லொலியாகவே உரைக்கும். ‘பேருந்து’ என்று எழுதுக, ஒருகாலும் பிழையாது. பிறமொழிச் சொல் கலந்தால் தமிழ் கெடும் என்று மறைமலையடிகளும் பாவாணரும் எடுத்துரைத்தபொழுது நகைத்தவர் உண்டு. இன்று உயிரற்ற பொறியே அதற்குச் சான்று பகர்கின்றது. ஒன்றை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும்: ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பிறநாட்டினின்று வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றுக்கு ஒலிப்பு அகரவரிசை ஒன்று திரைபடிப்பானில் உண்டு. வேண்டுவார் தாமே சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஆயத்தமாய் உள்ளன. பின் ஏன் பார்வையற்ற தமிழர்க்குத் தமிழ்நூல் எட்டவில்லை? தமிழ்ப்பற்றாளர் தலைகுனிய வேண்டிய இடம் இதுவே.

கணினியிற் ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பாமினி எழுத்துருவில் தட்டிப் பார்க்க. கண்ணுக்குத் தமிழ் என்றே தோன்றும். கணினியின் உள்ளே அங்குத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது. பார்வையற்றவர் அதனைத் திறந்தால் திரைபடிப்பான் ஓதுவது: ‘சே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’. தமிழ் என்னும் சொல்லே தமிழர் செவிக்கு ஆங்கிலப் பிதற்றலாய் ஒலிக்கும் இழிவு இது! ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் சினப்போர், தமிழ்ச்சொல்லை ஆங்கிலக் குறியில் எழுதி வைத்திருப்பதைக் கண்டிலர். கரணியம் எளிது, அவர்க்குக் கண் உண்டு.

வானவில் முதலான பழைய எழுத்துரு பலவற்றின் நிலையும் இத்தகையதே. தமிழக அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியையும், அனைத்து எழுத்துக்குறியான தமிழ் 16 நுண்மிக் குறியையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஒருங்குறியில் உயிர்மெய்க்குத் தனியிடம் இல்லை என்னும் குறை உண்மையே. பின்னழிப்பு விசையை அழுத்தினால் ‘கி’ என்பதில் இகரக்குறி மட்டும் அழிந்து ககரம் எஞ்சும். பார்வையற்றவர் இதனை ஓசையாற் கேட்டுப் பழகிக்கொள்கின்றார். ஆனால் ஒருங்குறியில் உள்ளது தமிழ் என்பதைக் கணினி அறியும். அந்த அறிதலே பேச்சுக்கு முதல். ஆணை வந்து பல்லாண்டாகியும், அச்சகத்தார்க்குப் பழகியது பழைய எழுத்துரு என்பதனால் நூல்களும் இதழ்களும் இன்னும் அதிலேயே கோக்கப்படுகின்றன. இதழாசிரியர் பலர் தம் கணினியில் எழுத்துரு எதுவென்றே கேட்டறிந்திலர்.

மற்றொன்று பட நூல். பழைய அரிய நூல்களைப் பக்கம் பக்கமாக ஒளிப்படம் எடுத்து இணையத்தில் ஏற்றுகின்றனர். பணி பெரிது, ஐயமில்லை. எனினும் படத்தில் எழுத்து இல்லை. எழுத்துணரி மென்பொருள்கள் தமிழ்க்கும் வந்துவிட்டன. ஆனால் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில், யானைத்துதிக்கை போல் வளைந்த ஐகாரக் குறிகளிடத்து அவை தடுமாறுவது இயல்பு. ஒருவர் அமர்ந்து திருத்தினாலன்றிப் பிழை நீங்காது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத்திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டி, பிழை திருத்தி வைத்தனர். உலகின் பல மூலைகளிலிருந்து ஊதியமின்றி உழைத்தவர் அவர்கள். கண்ணுடையார்க்கென்றே அவர் செய்திருக்கலாம். பயன் பார்வையற்றார்க்கே மிகுதியாயிற்று. சங்கநூலைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் விரைவில், தமக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தி, பிறர் வாயை எதிர்பாராமற் படிக்க முடிவது அவர்களால்.

நூலாசிரியர் உரிமை தடுக்கும் என்று அஞ்சுவார்க்கு ஒரு சொல். 2012ஆம் ஆண்டு திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், படிக்க இயலாதார்க்கு உகந்த வடிவில் நூலை ஆக்கிக் கொடுப்பதற்கு இடம் தருகின்றது. 2013ஆம் ஆண்டு மராக்கேசில் எழுதப்பெற்ற உலக உடன்படிக்கையை 2014ஆம் ஆண்டு முதன்முதல் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாவே. பார்வையற்றோர் கையிற் சட்டம் உண்டு, கருவி உண்டு, கருவிக்குத் தமிழும் தெரியும். இல்லாதது ஒருங்குறியில் அமைந்த தமிழ்க்கோப்பு.

செய்யவேண்டுவன பெரும்பொருள் வேண்டாதவை. அச்சுக்குப் போகுமுன் நூலின் மூலக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுக. அதற்கு விலையில்லா மாற்றிகள் உள. மாற்றியபின் ஒருவர் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுக. மாற்றிகள் ஒற்றெழுத்திற் சறுக்குவதுண்டு. தலைப்பைப் பெரிய எழுத்தாக்குவதோடு அமையாது, தலைப்பு என்றே குறியிடுக. அப்பொழுதுதான் கேட்பவர் ஒரு விசையால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவார். இணையப் பக்கத்தில் மொழி தமிழ் என்று குறித்தால், ஆங்கிலக் குரலில் ஓதிக்கொண்டிருக்கும் திரைபடிப்பான் தானே தமிழ்க்குரலுக்கு மாறும். படம் இட்டால் அதன்கீழ் அது யாது என்று ஒரு வரி எழுதுக. இவற்றைச் சரிபார்க்க எவரையும் நாடவேண்டா. திரைபடிப்பானை நிறுவித் திரையை அணைத்துவிட்டுத் தம் இதழைத் தாமே கேட்டுப் பார்ப்பதே போதும். கால் மணிநேரத்தில் எல்லாம் விளங்கிவிடும்.

இன்றைய கூட்டத்திற்கு அழைப்பிதழ் அனுப்பப்பெற்றது. அழகிய வண்ணத்தில், தூய தமிழில் எழுதி, ஒரு படமாக்கி அனுப்பினர். பூவிருந்தவல்லிப் பக்கத்துப் பார்வையற்ற அன்பர் சிலர்க்கும் அது சென்றது. அவர்தம் திரைபடிப்பான் கூறியது ‘படம்’ என்னும் ஒரு சொல்லே. நாளும் இடமும் பிறர் சொல்லித்தான் அவர்கள் அறிந்தனர். அறிந்து, வந்து, இதோ முன்வரிசையில் அமர்ந்துள்ளனர். அடுத்த திங்கட் கூட்டத்தின் அழைப்பை எழுதுவோர் இப்பொழுதே அவர்களிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டு வாங்கிக்கொள்க. அழைப்பை ஒருங்குறியிலேயே தட்டி அனுப்புக.